நூலகரா, பேராசிரியரா, ‘பொறுப்பு’ நூலகரா?

போன மாதம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட்டில், அதாவது ஆட்சிக் குழுவில், இருக்கிறார். “சார், எங்க நூலகர் மே மாசம் ரிடையர் ஆகிறார். அந்த இடத்துக்கு மூணு யோசனை வந்திருக்கு. உங்க ஆளுங்க பக்கம் சாயாம, எது நல்லதுன்னு சொல்லுங்க” என்றார். முப்பத்தோரு வருடம் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து, அதில் கடைசி நான்கு வருடம் பெயர்ப்பலகையில் ‘நூலகர் (பொ)’, அதாவது ‘பொறுப்பு’, என்று எழுதி உட்கார்ந்திருந்தவன் நான். சாயாமல் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். முயன்று பார்க்கிறேன்.

அவர் சொன்ன யோசனைகளில் முதலாவது, விளம்பரம் கொடுத்து, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லும் தகுதியுள்ள ஒருவரை முழுநேர நூலகராக எடுப்பது. அடுத்தது, மூத்த பேராசிரியர் ஒருவரிடம் நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுப்பது. கடைசியாக, இருக்கிற துணை நூலகரையே பொறுப்பில் உட்கார வைத்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வது. இந்தக் கடைசி யோசனையை யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுப்பதில்லை. முதல் இரண்டிலும் முடிவுக்கு வராமல் கூட்டம் கலைந்தால் தானாக நடப்பது அது.

எது நல்லது என்று பார்ப்பதற்கு முன், அந்த நாற்காலியில் உட்காருபவர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். புத்தகம் வாங்கி அடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு உதவி நூலகர்களே போதும். தலைமை என்பது பெரும்பாலும் கையெழுத்து. சந்தா புதுப்பிக்கும் கோப்பு, ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் ஒப்புமைச் சான்றிதழ், காணாமல் போன புத்தகங்களைக் கணக்கிலிருந்து நீக்கும் பட்டியல், துறை நூலகங்களை மைய நூலகத்தோடு சேர்க்கும் உத்தரவு, மென்பொருளை மாற்றும் முடிவு. இவற்றில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அறிவு, நேரம், துணிவு மூன்றும் வேண்டும். மூன்று யோசனைகளையும் நான் இந்தக் கையெழுத்துகளை வைத்தே எடை போடுகிறேன்.

பேராசிரியர் கட்சியிலிருந்து தொடங்குகிறேன். சிண்டிகேட்டில் அதிகம் எடுபடுவது அதுதான். செலவில்லை, உத்தரவு ஒரு நாளில் போட்டுவிடலாம். அவர்களிடம் ஒரு துருப்புச் சீட்டும் உண்டு: “ரங்கநாதனே கணக்கு வாத்தியார்தானே?”

உண்மைதான். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். நூலகப் படிப்பு எதுவும் கிடையாது. வந்த சில நாளிலேயே அந்த வேலை அவருக்குத் தாங்கவில்லை. பேச ஆளில்லை, செய்ய வேலையில்லை, வகுப்புக்கே திரும்பிப் போகிறேன் என்று நின்றார். ‘லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம்’ என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். அங்கே பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார், ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார், 1925இல் ஆளே மாறித் திரும்பினார். அப்புறம் சுமார் இருபது வருடம் அந்த ஒரே நாற்காலி. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933இல் புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை எல்லாம் அந்த இருபது வருடத்தின் விளைச்சல்.

ஆக, இந்தத் துருப்புச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வேறு படம் இருக்கிறது. பல்கலைக்கழகம் அவருக்குச் செய்தது மூன்று: தொழில் படிக்க அனுப்பியது, கணித வகுப்பை விட்டு முழுமையாக விடுவித்தது, இருபது வருடம் அங்கேயே இருக்கவிட்டது. கூடுதல் பொறுப்பில் இந்த மூன்றில் ஒன்றாவது நடக்குமா? திங்கள் காலை இரண்டு வகுப்பு, செவ்வாய் வாய்மொழித் தேர்வு, புதன் பாடத்திட்டக் குழு, வியாழன் மாலை நாலரை மணிக்கு நூலகத்தில் அரை மணி நேரம் என்று வருகிற பேராசிரியரை ரங்கநாதனோடு ஒப்பிடுவது இரண்டு பேருக்குமே நியாயமில்லை.

அப்படி வந்தவர்களில் இரண்டு பேரின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாமவர் காலத்தில் நடந்தது இது. ஆய்விதழ்ச் சந்தா ஜனவரியில் தொடங்கும். அக்டோபரில் புரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டிய விலைப்பட்டியல்) வாங்கி, நவம்பருக்குள் நிதிப் பிரிவில் ஒப்புதல் வாங்கினால்தான் டிசம்பரில் பணம் போய்ச் சேரும். அந்த வருடம் கோப்பு அவருடைய துறையில், அவருடைய மேசையில், விடைத்தாள் கட்டுக்கு அடியில் பதினேழு நாள் இருந்தது. அவர் வெளிநாட்டுக் கருத்தரங்கில் இருந்தார். துறை உதவியாளருக்கு அது நூலகக் கோப்பு என்றே தெரியாது. ஜனவரி இரண்டாம் வாரம் இரண்டு பதிப்பாளர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். வேதியியல் ஆய்வு மாணவி ஒருத்தி கவுண்ட்டருக்கு வந்து, “சார், நேத்து வரைக்கும் திறந்துச்சு, இன்னிக்குப் பணம் கட்டச் சொல்லுது” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கட்டுரைக்கு முப்பத்தைந்து டாலர் என்று திரையில் இருந்தது. அவளுடைய உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாமவர் கதை வேறு மாதிரி. ஆய்வேட்டுத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் பிரச்சினையில்லை. 40 வரை போனால் திருத்தி, ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மென்பொருளில் ஏற்றிப் பார்த்து எண்ணைச் சொல்வது பெரும்பாலான இடங்களில் நூலகத்தின் வேலை. சான்றிதழில் நூலகத் தலைவர் கையெழுத்து. ஒரு நாள் பொறுப்புப் பேராசிரியரின் சொந்த மாணவருடைய ஆய்வேடே வந்தது. அறிக்கையில் 13 என்று இருந்தது. அவர் நேர்மையானவர், “இதில் நான் கையெழுத்துப் போடக் கூடாதய்யா, பதிவாளருக்கு எழுதுங்கள், வேறு யாராவது போடட்டும்” என்றார். எழுதினோம். வேறு யார் போடுவது என்று முடிவு செய்ய மூன்று வாரம் ஆனது. திருத்த வேண்டியதைத் திருத்தி முடித்த பிறகும் அந்தப் பையன் சும்மா காத்திருந்தான். நேர்மையில்லாதவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கோளாறு. கைடாக இருப்பவரே சான்றிதழும் கொடுக்கும்படி ஒரு முறையை வைத்துவிட்டு, பிறகு ஆளின் குணத்தை நம்பிக் கொண்டிருப்பது சரியில்லை.

சரி, பேராசிரியர் தலைமையில் நல்லதே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கவும் மாட்டேன். எங்கள் இயற்பியல் துறையில் இரண்டு மர அலமாரி நிறையப் புத்தகங்கள். சாவி யாரிடம் என்றே தெரியாது. மைய நூலகத்தின் அக்சஷன் ரெஜிஸ்டரில் (நூல் வரவுப் பதிவேட்டில்) எண் இருக்கிறது, அலமாரியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நானும் எனக்கு முன்னிருந்தவர்களும் எத்தனையோ கடிதம் எழுதினோம். முதலாம் பேராசிரியர், அதே அந்தக் கோப்புக்காரர், ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே துறைத்தலைவருக்குப் போன் போட்டு, “என்னய்யா, அலமாரிக்குள்ள தங்கமா வெச்சிருக்க?” என்றார். மறுநாள் காலை சாவி வந்துவிட்டது. உள்ளே பாதிக்குக் கரையான். மீதியில் ஐந்தாறு நல்ல புத்தகங்கள் தேறின. நிதிக் குழுவிலும் அப்படித்தான்: நான் மூன்று வருடம் கேட்டுக் கிடைக்காத லிப்ட் அவர் ஒரே கூட்டத்தில் வாங்கிவிட்டார். பேராசிரியர் சொன்னால் பேராசிரியர் கேட்பார். இந்தச் சாதிக் கட்டு எனக்குப் பிடிக்காது, ஆனால் பல்கலைக்கழகம் அப்படித்தான் ஓடுகிறது.

இனி மூன்றாவது வழி, நான் இருந்த நாற்காலி.

துணை நூலகருக்குத் தொழில் தெரியும், ஆட்களைத் தெரியும், எந்த மாடியில் மழைத் தண்ணீர் ஒழுகும் என்பதுவரை தெரியும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம். காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. இல்லாதது துணிவு. குணத்தில் குறை என்று சொல்லவில்லை. ‘பொ’ என்ற அந்த ஓரெழுத்து செய்கிற வேலை அது.

இருப்புச் சரிபார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் புத்தகத்துக்கு மேல் உள்ள நூலகங்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது மாதிரிச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள். வாசகர் எடுத்த, புரட்டிய ஆயிரம் புத்தகத்துக்கு வருடம் ஐந்து தொலைவது இயல்பு என்றும், அதில் மோசடியோ கவனக்குறைவோ இல்லை என்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். அறிவுள்ள விதி. மாநிலப் பல்கலைக்கழகங்களை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இதை எடுத்துக்காட்டி நீக்கப் பட்டியல் தயாரிக்கலாம். நான் தயாரித்தேன். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

ஏன் என்றால், ஓய்வு பெறும் நாளில் எனக்கும் ‘நோ டியூ’, அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று, வேண்டும். தணிக்கைக்காரர் ஒரு கேள்வி எழுப்பினால், முழுநேர நூலகர் ‘என் அதிகாரத்தில் செய்தேன்’ என்று பதில் எழுதுவார். பொறுப்பில் இருப்பவன் ‘யார் கொடுத்த அதிகாரம்?’ என்ற கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும். அதற்குள் ஓய்வூதியக் கோப்பு நின்றுவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் இதே காரணத்தால் கையெழுத்துப் போடவில்லை. எனக்குப் பின்னால் வந்தவரும் போட்டிருக்க மாட்டார். இல்லாத புத்தகங்கள் இன்னும் கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. மாணவர் கணினியில் தேடுவார், ‘உள்ளது’ என்று வரும், அலமாரியில் போய்ப் பார்த்தால் இருக்காது.

மென்பொருள் மாற்றமும் இப்படித்தான் இழுத்தது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் யுஜிசி மையமான இன்ஃப்லிப்நெட் தரும் சோல் என்ற நூலக மென்பொருளிலிருந்து கோஹாவுக்குப் போவது என்று பேச்சு. கோஹா நியூசிலாந்தில் ஒரு சிறு ஊர் நூலகத்துக்காகச் செய்து, 2000இன் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த கட்டற்ற மென்பொருள். மாவோரி மொழியில் கொடை என்று அர்த்தம். மென்பொருளுக்குப் பணம் வேண்டாம், ஆனால் ஆளும் பொறுமையும் வேண்டும். எங்கள் பழைய தமிழ்ப் பதிவுகள் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடு திரையில் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். பல்லாயிரம் பதிவுகளை மாற்றி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். இரண்டு மூன்று வருடம் நான் இந்த நாற்காலியில் இருப்பேனா என்பதே தெரியாத நிலையில் அதைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. துணைவேந்தர் மாறினால் தானும் மாறிவிடுவோம் என்று தெரிந்த பொறுப்புப் பேராசிரியருக்கும் வராது.

ஆகவே முழுநேர நூலகர்தான் என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: தப்பான ஆள் வந்துவிட்டால் நகரவே மாட்டார். வாசகரைத் திருடராகவே பார்க்கிற, அலமாரிக்குப் பூட்டுப் போடுவதைச் சேவை என்று நினைக்கிற, ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு விழாவில் ஐந்து விதிகளைப் பற்றிப் பேசுகிற நூலகர்களை நான் பார்த்திருக்கிறேன். பொறுப்புப் பேராசிரியர் மோசமாக இருந்தால் இரண்டு வருடத்தில் போய்விடுவார். முழுநேரம் மோசமாக இருந்தால் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு நூலகம் இல்லை.

தகுதி விதி இதில் ஓரளவுதான் காப்பாற்றும். யுஜிசியின் 2018 விதிப்படி நூலக அறிவியலில் 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலை, முனைவர் பட்டம், பத்து வருட அனுபவம், அத்தோடு தகவல் தொழில்நுட்பத்தைச் சேர்த்துப் புதுமையாகச் சேவை செய்ததற்கான சான்று ஆகியவை வேண்டும். முதல் மூன்றும் காகிதத்தில் தெரியும். நான்காவதுதான் ஆளைக் காட்டும், ஆனால் நேர்காணலில் அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஊதியம் பேராசிரியருக்கு இணை. நிதித்துறை தயங்குவதும் அதனால்தான்.

நண்பரிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. “இப்போ ஒரே நாடு ஒரே சந்தா வந்துடுச்சே, ஆய்விதழ் எல்லாம் டெல்லியிலேயே வாங்கிடறாங்க. அப்புறம் நூலகருக்கு என்ன வேலை?” கேள்வி நியாயமானது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். 2025, 2026, 2027 மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் வழியாகக் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன அந்த வேதியியல் மாணவி இன்று படித்தால் பெரும்பாலும் அந்தச் சிக்கலே வராது. சந்தோஷம்தான்.

ஆனால் அந்தச் சந்தா போனதால் குறைந்தது ஒரு கோப்பு. மிச்சமான பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஆள் வேண்டாமா? நூலக நிதியில் மிச்சம் என்று தெரிந்தால் அடுத்த வருடம் அந்தத் தலைப்பே பட்ஜெட்டில் சுருங்கிவிடும். அந்தப் பணத்தில் தமிழ் நூல்கள் வாங்க வேண்டும், திட்டத்தில் வராத இதழ்களை வாங்க வேண்டும், ஓலைச்சுவடி இருந்தால் அதைப் படமெடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல ஒருவர் வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகு திட்டம் எந்த உருவத்தில் வரும் என்பதைப் பொறுத்து மறுபடி கணக்குப் போடவும் வேண்டும். அதனால் இந்த வாதம் நூலகர் வேண்டாம் என்ற பக்கம் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஹார்வர்டு நல்ல உதாரணம், அங்கே இரண்டையுமே செய்து பார்த்திருக்கிறார்கள். 2007இல் புத்தக வரலாற்றறிஞர் ராபர்ட் டார்ன்டன் நூலக இயக்குநரானார். இதழ் விலையைக் கட்டுப்படி ஆகாது என்று அங்கத்துப் பேராசிரியர்களின் ஆலோசனைக் குழு 2012இல் வெளிப்படையாக அறிக்கை விட்டது அவர் காலத்தில். ஓர் அறிஞர் தலைமையில் இருந்தால் வெளியே குரல் எடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அடுத்த வருடமே, ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகங்களை நடத்திய சாரா தாமஸ் என்ற தொழில்முறை நூலகரைத் துணைத் தலைவர் பதவியில் கொண்டுவந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவை என்று சொல்லப்பட்ட கிளை நூலகங்களை ஒரே நிர்வாகத்துக்குள் கட்டி நடத்த முழுநேர ஆள் வேண்டியிருந்தது. இலங்கையில் இந்த விவாதமே அதிகம் எழ இடமில்லை: 1978 பல்கலைக்கழகச் சட்டம் துணைவேந்தர், பதிவாளர், நிதியாளர் வரிசையிலேயே நூலகரையும் ஓர் அதிகாரியாக எழுதி வைத்திருக்கிறது. பதவி சட்டத்தில் இருந்தால் அதிகாரம் யார் கொடுத்தது என்ற கேள்வி எழாது.

என் ஓட்டு முழுநேர நூலகருக்குத்தான். ஆனால் நண்பருக்கு நான் சொன்னது அதோடு முடியவில்லை. மே மாதம் ஓய்வு. இப்போது விளம்பரம் கொடுத்தாலும் இட ஒதுக்கீட்டு வரிசை, தேர்வுக் குழு, யாராவது போடும் ஒரு வழக்கு என்று ஒன்றரை வருடம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் என்ன செய்வது? அங்கே என் தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பேராசிரியரைப் போடுங்கள் என்றேன். துணை நூலகரை ‘பொ’வில் உட்கார வைத்தால் அந்த நாற்காலி நிரம்பியதுபோல் தோன்றும், விளம்பரக் கோப்பு தூங்கிவிடும். நான் நான்கு வருடம் உட்கார்ந்ததால்தான் எங்கள் ஊரில் விளம்பரம் நான்கு வருடம் வரவில்லை. பேராசிரியருக்கோ அந்த வேலை சுமை. எப்போது புது ஆள் வருவார் என்று அவரே பதிவாளரை நச்சரிப்பார்.

ஆனால் உத்தரவில் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன். பன்னிரண்டு மாதம் முடிந்தால் பொறுப்பு தானாகக் காலாவதியாகும், நீட்டிப்புக்கு சிண்டிகேட்டிலேயே காரணம் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட தொகை வரை பில் பாஸ் செய்வதும் சந்தாக் கோப்பும் துணை நூலகரின் கையெழுத்திலேயே போகும். ஒப்புமைச் சான்றிதழிலும் துணை நூலகரே கையெழுத்துப் போடுவார், பேராசிரியர் அதைத் தொடவே கூடாது.

“முதல் வரி பிரச்சினையில்லை சார், ரெண்டாவதுக்கு நிதி அதிகாரி ஒத்துக்க மாட்டார்” என்றார் நண்பர்.

“அப்போ அதிலிருந்தே ஆரம்பியுங்கள்” என்றேன். நேர்காணலுக்கும் ஒன்று சொல்லிவைத்தேன். வருகிறவரிடம் ஐந்து விதிகளைக் கேட்க வேண்டாம், எல்லாரும் ஒப்பிப்பார்கள். கடைசியாக எத்தனை புத்தகத்தைக் கணக்கிலிருந்து நீக்கிக் கையெழுத்துப் போட்டீர்கள், தணிக்கை என்ன கேட்டது, நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று கேட்கச் சொன்னேன். பேப்பரை எடுத்து எழுதிக்கொள்கிற சத்தம் போனில் கேட்டது.